பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வரும் வழியை முதலில் திட்டமிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்புடையீர்,

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு மலைநாட்டில் மோட்டார் பந்தயக் காலமும் தொடங்கிவிடுவதால், பங்குனி பிற்பகுதியிலேயே திருகோணமலையில் வான் தேடும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. உப்புவெளியில் ஒரு குழு, திருக்கடலூரில் ஒரு குழு, கிண்ணியாவில் இன்னொரு குழு என்று இளைஞர்கள் தலைக்கு இவ்வளவென்று காசு சேர்த்து, ஒரு வார இறுதிக்குள் தியத்தலாவைக்கோ நுவரெலியாவுக்கோ போய்வரத் திட்டமிடுகிறார்கள். வாகனத் திருத்துநரான எனக்கு அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர்தான் தெரியவருகின்றன. அவற்றில் நான் தொடர்ந்து காணும் ஒரு குறையைப் பற்றியும், அதைப் போக்கத் தங்கள் பத்திரிகை செய்யக்கூடிய ஓர் உதவியைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். போவதற்கு எல்லோரிடமும் திட்டம் இருக்கிறது. அங்கே எங்கு நிற்பது, எப்போது எந்த வழியால் திரும்புவது என்பவற்றுக்கு எவரிடமும் திட்டம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் பந்தயம் பார்க்கப் போவதை வீண் செலவு என்றோ ஆபத்தான கேளிக்கை என்றோ ஒதுக்கும் பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை. ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. தியத்தலாவை இராணுவ அக்கடமியின் வளவுக்குள், கிரவல் போட்ட மேடுபள்ளமான ஓடுபாதையில், மோட்டார் சைக்கிள்களும் கார்களும் எஞ்சின் அளவுக்கேற்ப வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நாள் முழுவதும் ஓடும். நமது வீதிகளில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடி ஓய்ந்த ஃபோர்ட் லேசர், மஸ்டா, நிசான் மார்ச் போன்ற சாதாரணக் கார்களை ஒருவர் இப்படியும் ஓட்டலாம் என்பதை நேரில் கண்டவன், கார் என்ற பொருளைப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்ப்பான். வளைவில் பின் ரயர்கள் வெளியே வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக் காரை நேராக்கும் அந்த ஒரு நொடியைக் கைத்தொலைபேசித் திரையில் எத்தனை தடவை பார்த்தாலும் அதன் வேகம் விளங்காது. நுவரெலியாவில் 1934 முதல் ஓடப்பட்டுவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் வேறு வகையானது. அங்கே ஒவ்வொரு வாகனமும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும். கூச்சல் குறைவு, கவனித்துப் பார்ப்பவனுக்குச் சுவை அதிகம். நமது இளைஞர்களில் பெரும்பாலானோர் தேடிப் போவது தியத்தலாவையையே என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன். எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அங்குள்ள மலைச்சரிவில் கற்களால் அமைத்த நரி உருவமே அந்த மலைக்குப் பெயரானது. கடற்படைக் கப்பல்களோடு நெடுங்காலம் வாழ்ந்த துறைமுக ஊரவர்களான நமக்கு அதில் தூரத்து உறவு இருப்பதாகவும் சொல்லிக்கொள்ளலாம்.

திட்டமிடுதல் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பந்தயம் ஆண்டு தவறாமல் நடப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். 2024இல் அது நடந்தது ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர் என்பதையும், இடையில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று நாடு பட்ட பாட்டையும் மறந்துவிடுகிறோம். பழைய விளம்பரப் படமொன்றை யாரோ வட்ஸ்அப்பில் மறுபடி அனுப்ப, அதை நம்பி வானுக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடுவோர் இருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களின் அறிவித்தல் தேதியோடும் நுழைவு விபரத்தோடும் வெளிவரும்வரை ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பந்தயம் தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பித் தருவதாக வாகன உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூரம். நமது ஊரிலிருந்து தியத்தலாவைக்கு மூன்று வழிகள் உண்டு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நுவரெலியா, வெலிமடை என்று ஏறிப் போவது ஒன்று. ஹபரணையில் இடப்பக்கம் திரும்பிப் பொலன்னறுவை, மஹியங்கனை, பதுளை என்று போவது இன்னொன்று. மூதூர், வெருகல், வாகரை எனக் கரையோரமாகப் போய்ச் செங்கலடியில் திரும்பி, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று ஏறுவது மூன்றாவது. எந்த வழியால் போனாலும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தி, மலைப்பாதையில் நிதானமாக ஏறினால் எட்டு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். பெரும்பாலானோர் கண்டி வழியையே தெரிவு செய்கிறார்கள், ஏனென்றால் நுவரெலியாவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற ஆசை. சித்திரை மாதத்தில் நுவரெலியா நகரத்துக்குள் அகப்பட்ட வாகனம் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அடி நகரும் என்பதைப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பந்தயம்தான் நோக்கமென்றால் மஹியங்கனை வழியாகப் பதுளைக்கு ஏறுவதே நல்லது என்பது என் கருத்து. கரையோர வழி அழகானது. ஆனால் லுணுகலைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட பகுதி புதிய சாரதிக்கு உரியதன்று. 2021 மார்ச்சில் பசறைப் பக்கம் பேருந்து ஒன்று பள்ளத்தில் பாய்ந்து பலர் உயிரிழந்த வீதி அதுவே.

ஹபரணையைத் தொடும் இரண்டு வழிகளிலும் இன்னொரு விடயம் இருக்கிறது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இருட்டிய பின் வீதிக்கு யானை வரும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருந்தும், நள்ளிரவில் புறப்பட்டால் விடியக் கண்டியில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டு, யானை வீதிக்கு வரும் அதே நேரத்தில்தான் நாம் அங்கே போகிறோம். தார் வீதியின் நிறத்தில் நிற்கும் ஓர் யானையை வாகன வெளிச்சத்தில் காணும்போது பெரும்பாலும் பிரேக் பிடிக்க இடம் மிஞ்சியிருக்காது.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும்: சனிக்கிழமை நள்ளிரவு புறப்படுவது, ஞாயிறு காலை தியத்தலாவையில் இறங்குவது, மாலைவரை பந்தயம் பார்ப்பது, வரும் வழியில் எல்லவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகத் திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போவது. இதில் பயணிகள் வானுக்குள் மாறி மாறித் தூங்கிக்கொள்வார்கள். சாரதியின் தூக்கத்துக்கு மட்டும் அந்தத் திட்டத்தில் ஓர் இடமும் இல்லை. அவரும் நம்மோடு திடலுக்கு வந்து வெயிலில் நின்று பார்த்துவிட்டு, இரவு மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறார். மலையிறங்கும் பாதையின் மிகக் கடினமான வளைவுகள் அவருடைய கண் மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில் வருகின்றன. 2025 செப்டெம்பர் 4ஆம் தேதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா போய்த் திரும்பிய பேருந்து எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அதே ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி அதிகாலையில் கொத்மலை கரண்டிஎல்லவில் வீழ்ந்த பேருந்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒன்று இரவு, மற்றது விடியுமுன், இரண்டும் மலைப்பாதை. இவை பந்தயத்தோடு தொடர்பற்ற விபத்துகள் என்பது உண்மை. ஆயினும் பந்தயம் பார்க்கப் போகும் நமது வான் அந்த மலைகளில்தான், அந்த நேரங்களில்தான் ஓடுகிறது.

ஆகவே இந்தப் பயணத்துக்கு இரண்டு இரவுத் தங்கல் வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு எடுக்க முடிந்தால் அன்று காலை புறப்பட்டு வெளிச்சத்திலேயே பண்டாரவளையை அடையலாம். முடியாவிட்டால் சனிக்கிழமை விடிந்தபின் புறப்பட்டு, ஞாயிறு பந்தயம் பார்த்து, அன்றிரவும் அங்கே தங்கி, திங்கள் காலை இறங்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால்தான் இரவில் திரும்புகிறோம் என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு மறுமொழி இருப்பதில்லை. நாட்கூலி வேலை செய்பவனுக்கு அது பெரிய காசு. அப்படியானவர்கள் வேறொரு பந்தயத்தைத் தெரிவு செய்யலாம், அதைப் பின்னர் சொல்கிறேன். தியத்தலாவையில் தங்க இடம் குறைவு. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் சிறு விடுதிகள் உண்டு. புத்தாண்டு வாரத்தில் அவை முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால், இடம் கிடைத்ததை உறுதிப்படுத்திய பின்னரே வானைப் பேச வேண்டும். நம்மவர்கள் எப்போதும் வானை முதலில் பேசிவிட்டு, இடம் கிடைக்காவிட்டால் வானிலேயே படுக்கலாம் என்று ஆறுதல் கொள்கிறார்கள். 4,000 அடிக்கு மேலுள்ள ஊரில், நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பழகிய உடம்போடு வானில் படுப்பது எப்படியிருக்கும் என்பது அதிகாலை மூன்று மணிக்குத் தெரியும். சாரதியும் அதே வானில்தான் படுப்பார் என்பது அதைவிடக் கவலைக்குரியது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். விடுமுறைக்கு முதல்நாள் மாலையில் என் கராச்சுக்கு வரும் வான்களில் பாதிக்கு மேல், பாட்டுப் பெட்டிக்கு இன்னொரு ஸ்பீக்கர் பூட்டவோ உள்ளே நீல வெளிச்சம் போடவோ வருகின்றன. பிரேக் பார்க்க வருபவை மிகக் குறைவு. ஒரு முறை நானாகவே பொனற்றைத் திறந்து பிரேக் ஒயில் போத்தலைப் பார்த்தேன். உள்ளே இருந்தது பிளேன் ரீ நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, குறையவில்லையே, ஏன் மாற்ற வேண்டும் என்றார் உரிமையாளர். பிரேக் ஒயில் குறைவதால் மட்டும் கெடுவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தரக்கணக்கு. ஈரம் சேர்ந்த பழைய ஒயிலுக்கு அது 140 பாகையாக இறங்கிவிடுகிறது. தொடர்ந்து இறங்கும் மலைப்பாதையில் காலை பிரேக்கிலிருந்து எடுக்காமல் வந்தால் அந்தச் சூடு எளிதில் ஏறும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது, பெடல் தரைமட்டும் இறங்கிவிடும். திருகோணமலையிலே நாள்தோறும் ஓடும் அதே வாகனத்தில் இந்தக் குறை ஒருபோதும் வெளித்தெரியாது, ஏனென்றால் இங்கே உவர்மலையை விட்டால் பிரேக்கைச் சூடாக்கும் இறக்கம் ஏது?

சாரதிகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நமது ஊர்ச் சாரதிகள் சமதரையில் கெட்டிக்காரர்கள். மூதூர், புல்மோட்டை, அநுராதபுரம் என்று நீண்ட நேர்வீதிகளில் ஓட்டிப் பழகியவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறும் அவர்களிடம் மலையின் பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அதன் விதிகளைச் சொல்லிவிடலாம். எந்தக் கியரில் ஓர் ஏற்றத்தை ஏறுவோமோ அதே கியரில்தான் அதை இறங்க வேண்டும்; எஞ்சினே வாகனத்தைப் பிடித்து வைக்கும், பிரேக் துணைக்கு மட்டும். ஓட்டோ கியர் வான் என்றால் 'டி'யிலேயே விட்டு இறங்காமல் 2க்கோ 'எல்'லுக்கோ மாற்ற வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கத்தை மலையில் எவரும் காட்டக் கூடாது. எஞ்சினை நிறுத்தி உருட்டினால் பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவியும் போய்விடும். பிறகு இரு காலால் மிதித்தாலும் போதாது. காற்றுப் பிரேக் உள்ள பேருந்தில் விட்டுவிட்டு அடிக்கடி மிதித்தால் தாங்கியிலுள்ள காற்று தீர்ந்துபோகும். கருகிய வாசம் வந்தால், சமமான இடம் பார்த்து ஒதுக்கி, ஆறும்வரை நிற்க வேண்டும்; அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இவ்வளவையும் சொன்ன பின், பின்னாலிருந்து "அண்ணை, கொஞ்சம் அமத்துங்கோ" என்று கத்தும் பயணியை அடக்கி வைப்பது குழுத் தலைவரின் பொறுப்பு. பந்தயம் பார்த்துவிட்டு வரும் வானில் அந்தக் குரல் வழக்கத்தைவிடக் கூடுதலாக எழும்.

ஆசனப் பட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான ஹயஸ் வான்களில் பட்டி இருக்கிறது. அழகுக்காகப் போட்ட இருக்கை உறைக்குள் அது புதைந்து கிடக்கிறது. பூட்டும் வாய் உறையின் அடியில் அகப்பட்டிருப்பதால் யாரும் தேடுவதில்லை. புறப்படுவதற்கு முன் ஒரு கத்தரிக்கோலும் அரை மணித்தியாலமும் இருந்தால் எல்லா இருக்கைகளிலும் பட்டியை வெளியே எடுத்துவிடலாம். பதினான்கு பேருக்கான வானில் பதினெட்டுப் பேர் போவதாக இருந்தால் பட்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த நால்வருக்கு வேறு வாகனம் பார்க்க வேண்டும். பாரம் கூடக் கூட பிரேக்கின் சூடும் கூடும்.

திடலில் நிற்கும் இடத்தைப் பற்றி இனி எழுத வேண்டும். 2024 ஏப்ரல் 21ஆம் தேதி தியத்தலாவையில் நடந்ததை அனைவரும் அறிவர். ஒரு கார் பாதையில் புரண்டது. பின்னால் வருவோரை எச்சரிக்க அதிகாரிகள் சைகை காட்டினார்கள். ஆனாலும் வேகம் குறையாமல் வந்த வாகனங்களில் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருவரும், பந்தயப் பணியில் நின்ற அதிகாரிகள் நால்வரும் அடங்குவர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இராணுவம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் காணொளிகளை நானும் பார்த்தேன். ஓடுபாதையின் ஓரத்தில், தடுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் முன்னால் இல்லாமல், மக்கள் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். இதை வெறும் விதி என்று விட்டுவிட முடியாது. 1955ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாளிலிருந்து, பார்வையாளரை ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயர்த்தி, எதற்குப் பின்னால் நிறுத்துவது என்பது உலகம் முழுவதும் இந்த விளையாட்டின் முதற் கேள்வியாக இருந்துவருகிறது. நமது நாட்டில் அந்தக் கேள்வியை ஏற்பாட்டாளர்களிடம் மட்டும் விட்டுவிடாமல் நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 27 மீற்றருக்கு மேல் கடக்கும். அது நம்மை நோக்கி வருகிறது என்று கண் சொல்லி, மூளை நம்பி, கால் அசைவதற்குள் அந்த வினாடி முடிந்துவிடும். ஓடித் தப்பலாம் என்பது வெறும் எண்ணம். எனவே நிற்கும் இடத்தைப் பந்தயம் தொடங்குமுன்னரே ஆராய்ந்து தெரிவு செய்ய வேண்டும். பிடியை இழந்த கார் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் போகும். ஆகவே வளைவுக்கு வெளியே, நேர்ப்பாதை வந்து முடியும் திசையில் ஒருபோதும் நிற்கக் கூடாது. மேட்டில் எழும்பும் கார் விழும் இடத்துக்கு நேரேயும் நிற்கக் கூடாது, விழும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஓட்டுபவரே சொல்ல மாட்டார். ஓடுபாதையைவிட உயரமான இடம், நடுவில் மண் அணையோ ரயர்ச் சுவரோ உள்ள இடம், பின்னால் விலகிப் போக வெளி உள்ள இடம் ஆகியவையே நல்லவை. படம் எடுப்பதற்கு அவை சிறந்தவையல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஒரு கார் புரண்டால் நமது கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் ஓடும். உதவி செய்யும் நல்ல மனதோடு ஓடுபவர்களும் உண்டு, கைத்தொலைபேசியோடு ஓடுபவர்களும் உண்டு. பந்தயம் அந்த நொடியிலேயே நின்றுவிடுவதில்லை. பின்னால் இன்னும் பல வாகனங்கள் வந்துகொண்டிருக்கும். மஞ்சட் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே என்று பொருள். பந்தயத்தை நிறுத்துவது சிவப்புக் கொடிதான். சிவப்புக் கொடி காட்டப்பட்டு எல்லா வாகனங்களும் நின்ற பின்னரும் பார்வையாளருக்கு ஓடுபாதையில் வேலையில்லை. அதற்கென்று பயிற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழுவாகப் போகிறவர்கள் இதைப் புறப்படுமுன் ஒருமுறை வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோர் கை எட்டும் தூரத்தில் அல்லாமல் கைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டில் விட்டுச் செல்வதே மேல்.

மற்றவை சிறு விடயங்கள். கிரவல் புழுதிக்கு முகக்கவசமும், எஞ்சின் இரைச்சலுக்குக் காதில் வைக்கப் பஞ்சோ அடைப்பானோ வேண்டும். சித்திரையில் மலையில் காலை வெயிலாக இருந்து பின்னேரம் இடியோடு மழை கொட்டும்; குடை விரித்தால் பின்னால் நிற்பவர் சண்டைக்கு வருவார், மழை அங்கி நல்லது. மலையகத்துத் தமிழ் மக்கள் நிறைந்த பிரதேசம் அது. வழி கேட்கவோ சாப்பிட இடம் தேடவோ மொழிக் கஷ்டம் இராது. புகையிரதத்தில் போக விரும்புவோர் பொல்காவலையில் பதுளைப் புகையிரதத்துக்கு மாறி, தியத்தலாவை நிலையத்திலேயே இறங்கலாம் என்பது வழமையான காலத்துக்குப் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தின் தண்டவாளங்களையும் வீதிகளையும் பெயர்த்துப் போட்டதை நாம் கண்டோம். ஆகவே எந்தப் புகையிரதம் எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் நிலையத்திலும் பொலிஸிலும் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு இரவு தங்க வசதியில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு என்றேன். அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர் குரொஸ் நடத்தப்படுகிறது; விமானப்படை சிகிரியாவில் ரலி குரொஸ் நடத்தியிருக்கிறது. ஹொரவபொத்தானை வழியாக அநுராதபுரம் நமக்கு நூறு கிலோமீற்றர் சொச்சம்; சிகிரியாவும் ஹபரணைக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. வழியில் மலை இல்லை, காலையில் போய் இருட்டுமுன் திரும்பிவிடலாம். குளிரும் தேயிலையும் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் பந்தயத்துக்காகப் போகிறவர்கள் அல்லர். இந்தப் போட்டிகளில் பலவும் முப்படையினரின் வளவுகளுக்குள் நடப்பவை என்பதால், போவதா வேண்டாமா என்பதில் நம்மவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மனம் இருக்கும். அது அவரவர் முடிவு, இக்கடிதத்தின் பொருள் அதுவன்று.

ஏற்பாட்டாளர்களிடம் நான் வேண்டுவது இரண்டே. பார்வையாளர் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதைக் காட்டும் வரைபடமொன்றைப் பந்தயத்துக்கு முன்னரே வெளியிட வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். திடலில் ஒலிபெருக்கியில் விடப்படும் பாதுகாப்பு அறிவித்தல்களும் தமிழில் ஒலிக்க வேண்டும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் ஆயிரக்கணக்கானோருக்குப் "பின்னால் போங்கள்" என்ற கட்டளை கூட்டத்தின் அசைவைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் திருகோணமலை டிப்போவும் இதில் முன்வரலாம். மலைப்பாதை பழகிய சாரதிகள் இருவரோடு, பந்தய வார இறுதிக்கு ஒரு விசேட பேருந்தை முன்பதிவில் ஓடவிட்டால், நள்ளிரவு வான்களில் ஏறுவோரில் ஒரு பகுதியினராவது அதற்கு மாறுவார்கள். காசும் அவர்களுக்குக் குறையும்.

தங்கள் பத்திரிகையிடம் வேண்டுவது அதைவிடச் சிறியது. பந்தயங்களின் உறுதியான தேதி, நுழைவு விபரம், திறந்திருக்கும் வீதிகள், பார்வையாளர் பகுதிகளின் வரைபடம் ஆகியவற்றை ஏற்பாட்டாளர்களிடமும் வீதி அதிகாரிகளிடமும் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் வெளியிட்டு உதவுங்கள். வானுக்கு முற்பணம் கொடுப்பது இங்கே பங்குனி மாதக் கடைசி வாரத்தில் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முந்திய ஞாயிறு இதழில் அது வந்தால் வீண்போகாது.

இங்ஙனம்,
மோட்டார் வாகனத் திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.